தாம்பாளச் சத்தம்

உச்சிப் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு ஆவுடையப்பன் தாம்பாளத்தைத் தட்டினார். ஒரு காக்காய்தான் வந்தது. சனியனே என்று கையை ஓங்கி விரட்டினார்.

ஒரு காலத்தில் அந்தச் சத்தத்துக்கு இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். மலை மடத்துக்கே அதுதான் பெருமை. வரத்து நின்று வருசக்கணக்கு ஆகிறது. நாட்டிலேயே அந்த இனம் அருகிப்போச்சு என்றார்கள். ஆவுடையப்பன் விடுகிற ஆளா? கழுகு வந்து வாய் வைக்கிறவரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார்.

இப்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டுத் தடுமாறி மடத்துக்கு இறங்கினார். மடத்துச் சாமி இவரைவிட வயதில் இளையவர். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, எனக்கு எரிச்சலா வருது. நெய் கம்மியா, முந்திரி கம்மியா? என்ன குத்தம் கண்டுச்சு? அந்த இனம் திரும்ப வரவே வராதா?”

“எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? முதல்ல சாப்பிடும். செத்துகித்துப் போயிராதீரும்.”

“கழுகு வரட்டும்.”

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாடு பார்க்கும் மாடத்தி அழுதுகொண்டே வந்தாள். மடத்துக் கிழப்பசு அடிவாரத்தில் செத்துப்போச்சாம்.

“அடிவாரப் பொட்டல்லயே கெடக்கட்டும், புதைக்காதீங்க,” என்றார் சாமி. “மாட்டுக்குப் போடுற வலி ஊசி மருந்துதான், செத்த மாட்டைத் திங்கிற கழுகைக் கொல்லுதாம். இது அந்த ஊசி ஏறாத உடம்பு. கழுகு தின்னா ஒண்ணும் செய்யாது.”

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயய்யே! சனங்க சாமி கும்பிட வர்ற வழி! நாத்தம் குடலைப் புடுங்கும், புழு நெளியும். ஆழமாக் குழி வெட்டி, உப்பைக் கொட்டி மூடச் சொல்லுங்க.”

“கழுகு வந்தா?”

“வந்தா பொங்கலைத் திங்கட்டும். மடத்துக்கு வர்ற பாதையில பிணத்தைக் கொத்திக்கிட்டு நிக்கவா? கல்லெடுத்து விரட்டமாட்டேன்?”

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பு கஞ்சியோடு வந்து அதை ஆவுடையப்பன் கையில் திணித்தார்.

“குடியும் வே. வந்தா கல்லெறியப்போற விருந்தாளிக்கு எதுக்கு வயித்தைக் காயப்போடுதீரு?”