மாற்றிப் போடும் கை

"டீச்சர், இந்தக் கையை வெட்டிப் போட்டா என்ன?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"எந்தக் கையை?" என்றாள் ஜுலைகா.

"பேனா பிடிக்கிற கையைத்தான்."

"வெட்டிட்டா பரீட்சை எழுத முடியாதே சார்."

"எழுதித்தான் என்னத்தக் கிழிச்சேன்?"

உடன்குடியில், கருப்பட்டி அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு மேலே இருக்கிற மாடியில், ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான வகுப்பு முடிந்து எல்லாரும் படி இறங்கிப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு இருபத்தொன்பது. குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேடுகிறவர்கள் இப்போதே ஏமாந்துகொள்ளலாம். இந்தக் குருவிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டியும், சாக்பீஸ் தூள் படிந்த கறுப்பு புர்காவும்தான். ஐந்தாம் வகுப்பில் இவளுக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுத்தவரே ஞானசிகாமணிதான். இன்று அவர் பெஞ்சில், அவள் பலகையில். மற்றவர்கள் முன்னால் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் பழைய 'ஏ பிள்ள' வந்துவிடும்.

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மனுஷன். அவரைக் கூப்பிட்டு, தகுதித் தேர்வில் பாஸ் பண்ணினால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நூற்றைம்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, அதில் ஒன்று சரி. எண்பத்திரண்டு எடுத்தால் போதும். போன தடவை எண்பதில் நின்றுவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு தடவை இருக்கிறது. அதுவும் இருபது நாளில். அதிலும் விட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சின்ன மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"நான் மொதல்ல போடுற விடையெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். கடைசி அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அப்பதான் சனியன் பிடிக்கி. இதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு மாத்திருதேன். மாத்துனது பூராவும் தப்பாப் போவுது."

"பூராவுமா?"

"பூராவும். போன தடவ பதினோரு கேள்வி. தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுதேன்."

கேட்காமலே சொன்னார். சிறுமூளை கேள்வி போனது. வட்டத்தின் பரப்பளவு போனது. காற்றில் அதிகமாக இருக்கிற வாயு எது என்ற கேள்வியில் நைட்ரஜனை விட்டு ஆக்சிஜனுக்குப் போன கதையைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. துக்க வீட்டில் போனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி, பதினொன்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

"உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"மாத்தாம இருக்கச் சொல்லிக் குடுங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் ஜுலைகா.

அடுத்த சனிக்கிழமை மாதிரித் தேர்வு. விடையைக் கேள்வித்தாளிலேயே குறித்தால் போதும். ஞானசிகாமணி நூற்றைம்பதாவது கேள்விக்கு விடை போட்டதும், அவள் வந்து கையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் இன்னும் அரை மணி நேரம் எழுதினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, சனியன் தொலைந்த நிம்மதியில், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது.

எழுபத்திமூன்று.

ஞானசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பெயர் அவருடையதுதான்.

"ஏ பிள்ள!" என்று கத்தினார். வகுப்பே திரும்பியது. "என்னைக் கொன்னுட்டியே! எண்பதுல நின்னவன எழுபத்திமூணுல கொண்டாந்து தள்ளிட்டியே!"

"நீங்க கேட்டதத்தான் சார் குடுத்தேன்."

"நானா கேட்டேன் இத?"

"மாத்தாம இருக்கணும்னீங்க. மாத்தல."

ஞானசிகாமணி தாளை மடக்கிப் பெஞ்சில் போட்டார்.

"போன தடவ பரீட்சையோட கேள்விப் புத்தகம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

வைத்திருந்தார். மஞ்சள் பையில், விடைக்குறிப்போடு, எப்போதும் கூடவே கொண்டுபோவார். அதில் அவருக்கு ஒரு பழக்கம். முதலில் தோன்றும் விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். முடிவு செய்த விடையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். எல்லாம் முடிந்த பிறகுதான் வட்டம் போட்டதை விடைத்தாளில் கறுப்பாக்குவார். புள்ளி ஓரிடம், வட்டம் ஓரிடம் என்றிருந்தால் மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

"அந்தப் பதினொன்ன விட்டுருங்க. மிச்சம் மாத்துனத எண்ணுங்க," என்றாள்.

"மிச்சம் எங்க இருக்கு? அவ்வளவுதான்."

"எண்ணுங்க சார்."

எண்ணினார். கீழே கிட்டங்கியில் லாரிக்குக் கருப்பட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றி முடித்து லாரியும் கிளம்பிப் போய்விட்டது. இவர் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினார்.

"பதினேழு," என்றார் மெதுவாக.

"என்னது பதினேழு?"

"பதினேழு கேள்வில... தப்பத்தான் மொதல்ல போட்டிருக்கேன். மாத்தி சரியாக்கிருக்கேன்."

"வேற?"

"ஆறு, தப்புல இருந்து இன்னொரு தப்புக்குப் போயிருக்கு."

"நீங்க ஒண்ணுமே மாத்தாம வந்திருந்தா?"

ஓரத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எண்பதில் பதினேழு போக, பதினொன்று வர.

"எழுபத்திநாலு."

அந்தக் கை இத்தனை நாளாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் போய் வெட்டிப் போடக் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பதினேழுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம். புத்தகத்தப் பாக்காம," என்றாள் ஜுலைகா.

வாயைத் திறந்தார். இப்போதுதான் எண்ணி முடித்தது. ஆனாலும் ஒன்றுகூட வரவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார். "அப்ப நான் மாத்தணுமா, மாத்தக் கூடாதா?"

ஜுலைகா பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு வார்த்த சொல்லுங்க. மாத்தவா, வேண்டாமா?"

"நாப்பது கேள்வி எழுதிட்டு வாங்க."

"என்ன கேள்வி?"

"உங்க அஞ்சாம் வகுப்புப் புத்தகத்துல இருந்து. நாலு விடையோட. எது சரின்னும் எழுதிருங்க."

இதென்ன பதில் என்று முனகிக்கொண்டே போனார். ஆனால் மறுநாளே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். நோட்டில் ஓரக்கோடு போட்டு, தலைப்பு எழுதி, சரியான விடையைச் சிவப்பு மையில் குறித்து. பி என்ற விடை அடுத்தடுத்து மூன்று தடவை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கேள்வித்தாள் தயாரிக்கிற வாத்தியார்கள் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைகள் குருட்டாம்போக்கில் மார்க் வாங்கிவிடக் கூடாதாம்.

ஜுலைகா நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் ஓடியது. தேர்வுக்கு இன்னும் நாலு நாள். ஞானசிகாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை மாலை அவரை மட்டும் இருக்கச் சொன்னாள். அச்சடித்த இரண்டு தாளை முன்னால் வைத்தாள்.

முதல் கேள்வியைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என் கேள்வில்லா!"

"நாப்பதும் உங்க கேள்விதான். ஒரு எழுத்து மாத்தல. நாலு விடையோட வரிசைய மட்டும் முன்னபின்ன போட்டிருக்கேன்."

"நான் எழுதுன கேள்விய எனக்கே குடுத்தா என்ன பரீட்சை இது? குறும்புதானே உனக்கு?"

"எழுதுங்க சார்."

எழுதினார். முதல் விடை பி. இரண்டாவது பி. மூன்றாவதும் பி. கை தானாகப் புள்ளி வைத்துக்கொண்டே ஓடியது.

ஏழாவது பி வந்தபோது கை நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். ஜுலைகா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

எட்டு, பி. ஒன்பது, பி. பன்னிரண்டாவதும் பி என்றபோது கழுத்தில் வேர்த்தது.

எங்கேயோ குழி வெட்டியிருக்கிறாள். அது மட்டும் நிச்சயம். எந்தக் கேள்வித்தாளிலாவது வரிசையாகப் பன்னிரண்டு பி வருமா? ஒரு எழுத்தும் மாற்றவில்லை என்று சொன்னாளே? சொன்னாள். சொல்லத்தான் செய்வாள்.

நாற்பதாவது கேள்வி வரைக்கும் போனார். நாற்பதும் பி. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை எண்ணினார். மறுபடி ஜுலைகாவைப் பார்த்தார். அவள் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பை மறைக்கிறாளோ?

வட்டம் போடப் பேனாவை எடுத்தார். அங்கே ஒன்றை மாற்றினார், இங்கே ஒன்றை மாற்றினார். ஒன்பது இடத்தில் மாற்றிய பிறகுதான் மூச்சு சீராக வந்தது. இப்போது பார்த்தால் விடைத்தாள் மாதிரி இருந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுக்கும்போது, என்னை ஏமாற்ற முடியுமா என்கிற மாதிரி ஒரு பார்வையும் பார்த்தார்.

ஜுலைகா தாளை வாங்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய நோட்டை எடுத்து, சிவப்புப் பேனாவையும் வைத்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே திருத்துங்க."

திருத்தத் தொடங்கினார். முதல் ஐந்து சரி. ஆறாவது, ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம். நோட்டில் அவருடைய குண்டு கையெழுத்தில் ஆயிரம் என்று இருந்தது. தாளில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. வட்டம் நூறைச் சுற்றி இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். நூறேதான்.

பதினேழாவது, தமிழ்நாட்டின் மாநில மரம். புள்ளி பனையில். வட்டம் ஆலமரத்தில்.

பனங்காட்டுக்குள் பிறந்த மனுஷன். பனையேறிச் சம்பாதித்த காசில்தான் அப்பா இவரை வாத்தியார் படிப்பு படிக்க வைத்தார். அந்த மாடி ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய வரை பனைதான். கீழே இருப்பதே கருப்பட்டிக் கிட்டங்கி. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஆலமரத்துக்குப் போயிருக்கிறார்.

மீதியையும் திருத்தி முடித்தார். நாற்பதும் பி. ஒன்றில்கூடக் குழி இல்லை. தான் எழுதிய கேள்வியில், தான் எழுதிய விடையில், ஒன்பது தப்பு.

"நாப்பதுக்கு முப்பத்தொண்ணு," என்றார். "என் கேள்வி. நான் எழுதுன விடை. ஒரு கிலோவுக்கு நூறு கிராம்னு போட்டிருக்கேன். பிள்ளைங்க பாத்தா காறித் துப்பும்." கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஜுலைகா அவருடைய மஞ்சள் பையை எடுத்தாள். பழைய கேள்விப் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரியா மாத்துனீங்களே பதினேழு, அத ஒரு தடவ பாருங்க."

பார்த்தார். எண்ணும்போது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தப் பதினேழிலும் கேள்விக்குக் கீழே பேனாக் கோடு இருந்தது. ஓரிடத்தில் 'தவறானது' என்ற சொல்லுக்கு, ஓரிடத்தில் 'மிகக் குறைந்த' என்ற சொல்லுக்கு. திரும்பப் படித்தபோது போட்ட கோடுகள்.

பக்கத்தைப் புரட்டி, சிறுமூளை கேள்வியைத் தேடினார். கோடு இல்லை. வட்டத்தின் பரப்பளவு. கோடு இல்லை. பதினொன்றையும் பார்த்தார். ஒன்றிலும் இல்லை.

பிறகு இன்றைய தாளை இழுத்து, மாற்றிய ஒன்பதையும் பார்த்தார். அங்கேயும் கோடு இல்லை.

"இந்த ஒம்பதையும் மாத்துறதுக்கு முன்னால கேள்விய இன்னொருக்கப் படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பின்னே எதப் படிச்சீங்க சார்?"

ஞானசிகாமணி தலையை நிமிர்த்தினார். இடிந்துபோய் அவளையே பார்த்தார்.

"உன் மூஞ்சிய," என்றார்.

ஜுலைகா கடலைத் தொலியைக் காகிதத்தில் கூட்டி எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழம பரீட்சை ஹால்ல நான் இருக்க மாட்டேன்," என்றாள்.