கச்சை முடிச்சு

கியோட்டோவில் தோகுபெய் என்றொருவன், மாமனார் வைத்துக் கொடுத்த பட்டுக்கடையில் உட்கார்ந்து மீசை முறுக்குகிற ஆசாமி. விருந்துகளில் ஆடிப்பாடும் கெய்ஷா என்றாலே விலைக்கு வருபவள் என்பது அந்த மேதாவியின் நினைப்பு.

ஒரு விடுதியில் நடந்த விருந்தில் கொரின் என்ற கெய்ஷா சாமிசென் மீட்டிப் பாடி முடித்தாள். "பாட்டு போதும், இடுப்புக் கச்சையை அவிழ்! மாட்டேனென்றால் இந்த விடுதியையே இழுத்து மூடவைப்பேன்" என்று நண்பர்கள் எதிரே உறுமினான் தோகுபெய்.

கொரின் சிரித்தாள். "அதற்கென்ன ஐயா! ஆனால் இந்த முடிச்சைப் போட ஒரு தடியான ஆள் முதுகில் முழங்காலை ஊன்றி இழுக்கவேண்டும். அவிழ்த்தால் நீங்களேதான் திரும்பக் கட்டிவிடவேண்டும். இங்கிருந்து நேரே அடுத்த விருந்துக்குப் பாடப்போகிறேன். முடிச்சு கோணியிருந்தால், எந்தக் கழுதை கட்டியது என்று கேட்பார்கள்."

"கேட்கட்டுமே! யார் வீட்டு விருந்து?"

"உங்கள் மாமனார் வீட்டில்தான். பெயரைச் சொல்லிவிடட்டுமா?"

தோகுபெய்யின் மீசை தொங்கிப்போனது.

"இன்னொரு பாட்டு... பாடுங்களேன், அம்மா."