பார்க்காத டாக்டர்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடனுக்கு நாற்பத்தாறு. குரு சீடனை "அண்ணா" என்பாள். சீடன் குருவை "மேடம்" என்பான். ஆசிரமம் தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே ஏசி குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். மற்றபடி வெளியில் ஞானத்துக்கு இருக்கிற அதே பஞ்சம்தான் அங்கேயும்.

மருந்துக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது அந்த அலுவலகத்தின் தொழில். எந்த ஊரில் எந்த மருந்து போகும், எந்த டாக்டரை மாதம் எத்தனை முறை பார்த்தால் சீட்டில் மருந்தின் பெயர் விழும் என்பதையெல்லாம் லட்சக்கணக்கான வரிகளைக் கணினியில் போட்டுக் கடைந்து சொல்வார்கள். குரு நஸ்ரின், அந்த வேலையில் பத்து வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள். சீடன் சவரிமுத்து, பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் நிற்கும் மெடிக்கல் ரெப்பாகத் தொடங்கி, பதினாறு வருஷம் மருந்துக் கம்பெனியில் இருந்தவன். அதை விட்டுவிட்டு இரண்டு வருஷம் முட்டி மோதிப் படித்து, டேட்டா சயின்டிஸ்ட் ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

ஒரு திங்கட்கிழமை, அவன் ஓட்டிய கணக்கு பதில் சொன்னது. தென் மாவட்டங்களில் நாற்பத்தொரு ரெப்புகள் தேவையில்லை. அவர்கள் டாக்டரைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மருந்து ஒரே அளவில்தான் போகிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இதைக் கம்பெனிக்காரர்களிடம் சொல்ல வேண்டும். சவரிமுத்து பதினாறு வருஷம் வேலை பார்த்த அதே கம்பெனி.

அப்போதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் டீ மெஷினுக்குப் போனான். ஐந்து டீ ஆயிற்று. ஒன்றையும் முழுதாகக் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நஸ்ரினிடம் போனான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணா."

"டேட்டாவே பொய்யா இருந்தா என்ன பண்றது?"

"எந்த டேட்டா?"

"ரெப்புங்க தினம் போடுற ரிப்போர்ட்டு. இன்னைக்கு இந்தந்த டாக்டரைப் பார்த்தேன்னு எழுதுவாங்கல்ல. அதுல பாதி பொய்யா இருக்கும். பார்க்காத டாக்டரைப் பார்த்ததா எழுதுவாங்க."

நஸ்ரின் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "எல்லாருமா?"

"கொஞ்சம் பேரு. நான் அப்படி எழுதினதில்ல மேடம்."

அதை அவள் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

"பொய்யா இருந்தா என்ன ஆகும்?" என்றாள்.

"கமுதியில ஒரு டாக்டர். மாசம் மூணு தடவை பார்த்ததா ரிப்போர்ட்டு சொல்லுது. மருந்து ஏறல. அதனால ரெப் போய்ப் பிரயோஜனம் இல்லைன்னு மெஷின் சொல்லுது. ஆனா ரெப் அங்க போகவே இல்லை மேடம். போகாத விசிட்டுக்கு மருந்து எப்படி ஏறும்?"

"ஏறாது. எந்தெந்த வரி பொய்?"

"அது தெரியாதே."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

புதன்கிழமை காலையிலேயே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"மேடம், ஒரு வழி இருக்கு. ஒரே நாள்ல பன்னிரண்டு டாக்டருக்கு மேல எழுதியிருந்தா அந்த நாளைப் பொய்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு கிளினிக்லயும் முக்கால் மணி நேரம் நிக்கணும். அதுக்கு மேல ஒருத்தனால பார்க்க முடியாது."

"பொய் எழுதறவர் பத்தோட நிறுத்திக்கிட்டா?"

"அவரு விவரமானவரு."

"அப்ப விவரமில்லாத பொய்யை மட்டும் பிடிக்கப் போறோம்."

நஸ்ரின் எழுந்து போய் பிரிண்டரிலிருந்து சில தாள்களை எடுத்து வந்து அவன் முன் வைத்தாள்.

"தஞ்சாவூர்ப் பக்கத்து ரெப் ஒருத்தரோடது. நிஜ வரிக்கு டிக் போடுங்க, பொய்க்குப் பெருக்கல் குறி போடுங்க. பொய் எப்படி இருக்கும்னு மெஷினுக்கு யாராவது காட்டித் தரணும். ரெண்டாயிரம் வரி குறிச்சுக் குடுத்தா, மீதி லட்சத்தை அது பார்த்துக்கும்."

"இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது மேடம். எது பொய்னு நான் எப்படிச் சொல்றது?"

"யாரோட வரி உங்களுக்குத் தெரியும்?"

அவன் தாளின் மேல் ஓரத்தைப் பார்த்தான். தாளில் ரெப்பின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் பரமக்குடி, கமுதி, அபிராமம் வட்டாரத்துக்கு, கணக்கில் எடுத்த பழைய வருஷங்களில் இருந்தது ஒரே ரெப். எண் 0317. திங்கட்கிழமையே அதைப் பார்த்துவிட்டான். மூன்று நாளாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான், பாவம்.

"மேடம், இந்த மாதிரி எழுதினது யாருன்னு தெரிஞ்சா அந்த ஆளுக்கு இங்க வேலை போயிருமா?"

"போகலாம்."

"தெரியலைன்னா நாப்பத்தோரு பேருக்குப் போயிரும்."

"ஆமா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பிரிண்டர்ல தாள் இருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

போனாள். கொஞ்சம் மெதுவாகவே திரும்பி வந்தாள். சவரிமுத்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"0317 போட்டுக் குடுங்க மேடம். அது நான்தான்."

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "ஒரு வருஷம் போதும். நாற்பது தாள் வரும். பென்சில் வேணுமா, பேனாவா?"

கொஞ்சம் யோசித்து, "பேனா" என்றான்.

வீட்டிலிருந்த பழைய டைரியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். குறிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. அவன் பயந்த அளவுக்கு எல்லாம் பொய் இல்லை. மழையில் அபிராமம் போய் நனைந்த பையோடு நின்றது நிஜம். முறைத்தே அனுப்பும் பரமக்குடி குழந்தை டாக்டர் ஒரு நாள் உட்காரச் சொன்னது நிஜம். அவற்றுக்கு டிக் போடும்போது சந்தோஷமாக இருந்தது. மாதக் கடைசி வந்தால் பெருக்கல் குறிகள் வரிசை கட்டின. அந்த நாட்களில் நாலு கம்பெனி ரெப்புகள் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் பார்த்த டாக்டரை நாலு பேரும் பார்த்ததாக எழுதிக்கொள்வது வழக்கம். அப்போது அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. இப்போது ஒவ்வொரு குறிக்கும் வெட்கமாக இருந்தது. நடுவில் நாலு முறை எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை மதியம் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தான். நஸ்ரின் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு தாளில் நிறுத்தினாள்.

"நவம்பர் முப்பது. ஒன்பது டாக்டர். எதுக்குமே குறி போடலையே."

"ஆமா மேடம்."

"ஞாபகம் இல்லையா?"

"இருக்கு."

அவள் தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"அன்னைக்கு எங்க அப்பாவை அடக்கம் பண்ணினோம்."

நஸ்ரின் பேனாவைக் கீழே வைத்தாள்.

"லீவு கேட்டேன். மாசக் கடைசி, டார்கெட்டு பாக்கி நிக்குது, லீவுன்னு பதிஞ்சா மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது, நீ போயிட்டு வா, ரிப்போர்ட்டு மட்டும் போட்டுருன்னாரு மேனேஜர். கல்லறைத் தோட்டத்து வாசல்ல நின்னு ஒம்பது டாக்டர் பேரை போன்ல டைப் பண்ணினேன். உள்ள மண்ணு போட்டுக்கிட்டு இருந்தாங்க."

நஸ்ரினுக்கு மனசு கனத்துத்தான் போயிற்று. தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் குடித்துவிட்டுச் சொன்னான்.

"நிஜம்னு குறிக்க முடியாது மேடம். பொய்னு குறிச்சா டீக்கடையில உட்கார்ந்து எழுதினதும் இதுவும் ஒண்ணாயிருது. இதுக்கு என்ன குறி போடுறது?"

அவள் தாளை வாங்கி, வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். புதிதாக ஒரு கட்டம் வந்தது. அதன் தலையில் எழுதினாள்: எழுதச் சொன்னது யார்.

"பொய்னே குறிங்க. பக்கத்துல இதையும் நிரப்புங்க. எல்லாத் தாள்லயும்."

சவரிமுத்து தன் இடத்துக்குப் போனான். நவம்பர் முப்பதில் ஒன்பது பெருக்கல் குறி போட்டான். பக்கத்தில் மேனேஜர் பெயரை எழுதினான். பிறகு முதல் தாளுக்குத் திரும்பி ஒவ்வொரு பொய்யாகப் பார்த்துக்கொண்டு வந்தான். சிலவற்றில் தன் பெயரையே எழுதினான். மாதக் கடைசிகளில் எல்லாம் மேனேஜர் பெயர்தான் வந்தது. இரண்டு மணி நேரம் அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. நாலு நாளில் முதல் முறையாக ஒரு டீயை முழுதாகக் குடித்தான்.

நாலரை மணிக்குத் தாள்களோடு வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"பாதிக்கு மேல அவரு பேருதான் மேடம். நாளைக்கு இதைக் காட்டினா ரெப்புங்க மேல பழி வராது. எழுத வச்சது யாருன்னு தெரிஞ்சு போயிரும்ல. முதுகுளத்தூர்ல பால்பாண்டின்னு ஒருத்தன், அந்த நாப்பத்தோரு பேர்ல அவனும் ஒருத்தன். ரெண்டு பெண் பிள்ளைங்க. நல்ல உழைப்பாளி மேடம். அவனுக்கு வேலை நிக்கணும்."

நஸ்ரின் அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த இன்னொரு கட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதையும் முடிச்சுக் குடுத்துடுங்க. ஆறு பேரோடது, மார்ச் மாசம் மட்டும்தான்."

"யாரோடது மேடம்?"

"முதுகுளத்தூர், சாயல்குடி, அந்தப் பக்கம். கடைசி மூணு வருஷம் அங்க நீங்க ஏரியா மேனேஜரா இருந்தீங்கன்னு உங்க பயோடேட்டாவுல இருக்கு. இவங்க வரியும் உங்களுக்குத் தெரியும்ல?"

சவரிமுத்து வாங்கினான். மேல் தாள் பால்பாண்டியுடையது. மார்ச் முப்பத்தொன்று, எட்டு டாக்டர். சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அவன் போன் செய்த நாள். அந்தப் போனில் தான் என்ன சொன்னோம் என்பது சவரிமுத்துவுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது.

தாளின் வலது ஓரத்தில் கோடு இழுத்திருந்தது.

"மேடம், இதுலயும் அந்தக் கட்டத்தை நிரப்பணுமா?"

"எல்லாம் ஒரே டேட்டா டேபிள்தானே அண்ணா. ஒரு கட்டம் சேர்த்தா எல்லா வரிக்கும் சேர்த்துத்தான் வரும்."