குக்கர் கேள்வியும் ஒற்றை இடமும்

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தீர்ப்புச் சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டாயிற்று. இனி உங்கள் முறை. தயவுசெய்து பாதியிலேயே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளாதீர்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு ஆங்கில வழியில் மட்டும்தான். அதில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. கேட்டு வந்தவர்களோ இரண்டு பெண்கள். இசக்கியம்மாள் தமிழ் வழியில் படித்தவள். ஜெனிட்டா எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழி. பத்தாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே மதிப்பெண். போய்வரக்கூடிய தூரத்தில் வேறு அறிவியல் பிரிவு இல்லை. இங்கே கிடைக்காதவளுக்கு அறிவியல் படிப்பே அத்தோடு முடிந்தது.

தலைமையாசிரியர் அருளப்பன் அறிவியல் தேர்வு ஒன்று வைத்தார். மூன்று மணிக்குள் சேர்க்கைப் பட்டியல் ஒட்டியாக வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்திலேயே விடை எழுத வேண்டும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது.

பிரஷர் குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது என்பதுதான் கேள்வி. அதை நாலு வரிக்கு நீட்டி முழக்கியிருந்தார்கள். இசக்கிக்கு அதில் குக்கர் மட்டும்தான் தெரிந்தது. பத்து நிமிடம் தாளையே பார்த்தாள். பிறகு மேற்பார்வைக்கு நின்ற காந்திமதி டீச்சரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், என்ன கேக்காங்கன்னே வெளங்கல."

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, கேள்வியை மட்டும் தமிழில் சொன்னார். பக்கத்து பெஞ்சிலிருந்த ஜெனிட்டா அதைப் பார்த்துவிட்டுத் தன் தாளில் எழுதிக்கொண்டே போனாள்.

தாள்கள் வந்தன. ஜெனிட்டா ஒரு பக்கம் நிறைய, பிழையே இல்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நடுவில் 'படம் 7.3-இல் காட்டியபடி' என்று ஒரு வரி. தாளில் படம் எதுவுமில்லை. புத்தகத்து வரியை அப்படியே இறக்கியிருந்தாள். இசக்கி ஒரு குக்கரை வரைந்து, உள்ளே அழுத்தம் கூடுவதற்கு அம்புக்குறி போட்டு, அதனால் தண்ணீர் இன்னும் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் என்று நான்கு வரி எழுதியிருந்தாள். நான்கும் சரி. நான்கும் தமிழ்.

அருளப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

"விதி விதிதான் டீச்சர். எடம் ஜெனிட்டாவுக்கு. இசக்கியச் சேத்துக்கிட்டா ரெண்டு வருசம் இங்கிலீஷ்ல முழி பிதுங்கும். அப்புறம் அதுவும் போச்சு, இதுவும் போச்சுன்னு நிக்கும்."

"பாடம் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் சார் எடம். இங்கிலீஷ நான் சொல்லிக் குடுக்கேன்," என்றார் காந்திமதி.

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெளியே நின்ற பெண்கள் இருவருக்கும் எல்லாம் காதில் விழுந்தது. இசக்கி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஜெனிட்டா திடீரென்று உள்ளே போனாள்.

"சார், நான் எழுதுனதுக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. சின்னதுலேருந்து இப்படித்தான் படிச்சேன். டீச்சர் அவளுக்குத் தமிழ்ல சொன்ன மாதிரி எனக்கு யாரும் சொன்னதில்ல. ரெண்டு பேருக்கும் வேற ஒரே கேள்விய, தமிழ்லயே கேளுங்க."

விதியைப் பிடித்துக்கொண்ட தலைமையாசிரியர், விதியை மீறி உதவிய டீச்சர், கைக்கு வந்த இடத்தை மறுபடி நடுவில் வைத்த பெண். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெனிட்டா. அருளப்பன் அறிவியல் தேர்வு என்று சொல்லி ஆங்கிலத்தைத்தான் அளந்தார். காந்திமதியின் இரக்கம் உண்மையானதுதான், ஆனால் ஒருத்திக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. நன்றாக எழுதுகிறவளுக்கும் புரியாமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஜெனிட்டா கேட்டது மட்டும்தான் இருவருக்கும் ஒரே அளவுகோல். அருளப்பன் ஒப்புக்கொண்டார். மலை உச்சியில் சோறு வேக ஏன் நேரமாகிறது என்று தமிழில் கேட்டார். ஜெனிட்டா முதல்முறையாகத் தானே யோசித்துப் பாதி தூரம் வந்தாள். அதற்குள் இசக்கி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள். மூன்று மணிப் பட்டியலில் இசக்கியின் பெயர் இருந்தது. சரியாக நடந்துகொண்ட பெண் வணிகவியல் வகுப்புக்குப் போனாள்.