கண்ணாடியின் உள்பக்கம்

ஜன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. மேஸ்திரி என்ற சொல்லும் அவர்களுடையதே. ஆக, இந்தக் கதையில் குருவும் பாடமும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை.

குருவின் பெயர் வேதவல்லி. வயது முப்பத்தாறு. பொறையாறு வட்டாரத்தில் பழைய வீடுகளுக்கும் புது ஃபிளாட்டுகளுக்கும் ஜன்னல் மாற்றிக் கொடுப்பவர். சீடரின் பெயர் திருமேனிநாதன். வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் ஒளியியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். கண்ணாடியைப் பற்றி எல்லாம் தெரிந்த தனக்கு ஒரு கண்ணாடியைக்கூட மாட்டத் தெரியாது என்பது ஒருநாள் உறைத்தது. வந்து சேர்ந்துவிட்டார்.

குரு சீடரை ‘சார்’ என்றார். சீடர் குருவை ‘மேஸ்திரி’ என்றார்.

நிபந்தனை ஒன்றுதான். நாளுக்கு ஒரு கேள்வி.

“அதுக்கு மேல கேட்டா எனக்குக் கை நின்னுடுது சார்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை தரங்கம்பாடியில். கடலில் போய் முடியும் ஒரு தெரு. வீட்டுக்காரர் பியூலா, ஓய்வு பெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். மாடி அறையில் கிழக்கு பார்த்த தேக்கு ஜன்னல், ஆறு கண்ணாடிச் சில்லு. உப்புக் காற்றில் கம்பி உதிர்ந்திருந்தது. கீழ்ச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் அனுப்பிய வெள்ளை யுபிவிசி ஜன்னல், வெள்ளைத் தாள் சுற்றி, அறையின் மூலையில் ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நின்றது.

“போன வாரம் ஃபிளாட்டில் ஒரே நாளில் நாலு ஜன்னல் மாற்றினோம்,” என்றார் பேராசிரியர். “இங்கே ஒரு ஜன்னலுக்கு நாலு நாள் கேட்டிருக்கிறீர்கள். ஏன்?”

வேதவல்லி சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

“அந்த ஃபிளாட்ல வெளியே போயிட்டுத் திரும்பி வராதவங்க யாரும் இல்ல சார்.”

அன்றைய கேள்வி முடிந்தது.

மிச்சத்தைப் பியூலாவே சொன்னார். அவர் கணவர் கமாலியேல் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்கி வருகிறேன் என்று வெறுங்காலோடு இறங்கிப் போனார். வரவில்லை.

“ஏழு வருஷம் தகவல் இல்லேன்னா இறந்தவர்னு கோர்ட்ல கேக்கலாமாம். வக்கீல் தாள் கொடுத்து ஒரு வருஷம் ஆச்சு. வியாழக்கிழமை ஆள் அனுப்பி வாங்கிக்கிறேன்னார். இனிமே இழுக்க முடியாதாம்.”

“கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதானே அம்மா,” என்றார் பேராசிரியர்.

“அங்க நிக்கிறவரை எப்படி சார் இறந்துட்டார்னு எழுதிக் கொடுக்கிறது?”

பியூலா ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

“அஞ்சே காலுக்கு அதுல உக்காந்து பாருங்க.”

ஐந்தே காலுக்குப் பேராசிரியர் உட்கார்ந்தார். தெருமுனையில், கடலுக்கு முன்னால், வெள்ளைச் சட்டை போட்ட உயரமான ஓர் ஆள். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. முகம் வீட்டைப் பார்த்திருந்தது. அசையவில்லை.

வேதவல்லி ஜன்னலைத் திறந்தார். சுண்ணாம்பு அடித்த குட்டிச்சுவரும் கடலும் மட்டும் இருந்தன. சாத்தினார். ஆள் நின்றான்.

பேராசிரியருக்குப் பிடரி சில்லிட்டது. பிறகு பேராசிரியர் ஆனார். கீழ்வரிசையின் நடுச்சில்லில் மிளகளவு ஒரு குமிழியைக் கண்டுபிடித்தார்.

“கையால் செய்த கண்ணாடி. குமிழியைச் சுற்றி நெளிவு இருக்கிறது. இந்த நேரத்து வெயில் அந்தச் சுவர்மேல் விழுகிறது. நெளிவு அந்த வெள்ளையை நீட்டி ஆளாக்குகிறது. தலையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள் அம்மா, அவரும் அசைவார்.”

பியூலா உட்கார்ந்து அசைத்தார். தெருமுனை ஆளும் அசைந்தான்.

“எட்டு வருஷமா தலையை அசைக்காம உக்காந்திருக்கேன்,” என்றார் பியூலா. “அசைஞ்சா போயிடுவாரோன்னு.”

பேராசிரியர் மேலும் சொல்ல வாயெடுத்தார். வேதவல்லி அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

புதன்கிழமை, முழு ஜன்னலையும் எடுக்குமுன், அந்த நடுச்சில்லை மட்டும் கழற்றினார்கள். கழற்றுமுன் வேதவல்லி அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“எந்தச் சில்லை எடுத்தாலும் இதைப் போட்டுடணும் சார். வீட்டைப் பாத்த பக்கம் வீட்டையே பாக்கணும்.”

பேராசிரியர் புன்னகைத்தார். வெளிச்சத்துக்கு உள் வெளி கிடையாது என்பது அவர் முப்பத்தைந்து வருஷம் நடத்திய பாடம்.

பியூலா சில்லின் அடிப்பக்கத்தைத் தடவினார். “கீழே தடிப்பா இருக்கு. கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா ஒழுகி இறங்கும்னு சர்ச்சுல சொல்வாங்க.”

“கட்டுக்கதை அம்மா. கண்ணாடி ஒழுகாது. தடித்த பக்கத்தைக் கீழே வைத்து மாட்டுவது மேஸ்திரிகளின் வழக்கம், அவ்வளவுதான்.”

“அப்ப எதுவுமே எறங்கி வராது,” என்றார் பியூலா.

பியூலா பார்த்துப் பழகட்டும் என்று அந்த இடத்தில் கடையில் வாங்கிய புதுக் கண்ணாடியை வைத்தார்கள். ஐந்தே காலுக்குப் பியூலா நாற்காலியில் உட்கார்ந்தார். குட்டிச்சுவர், கடல், ஒரு நாய். ஐந்தரை வரை பார்த்தார்.

“சரி,” என்றார். எழுந்து இரண்டு தடவை முந்தானையை உதறினார். “மேஸ்திரி, நாளைக்கு ஒரே ஒரு நாள் பழசை மாட்டிக் கொடுங்க. சொல்லாம அனுப்பக்கூடாது. சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

பஸ் நிறுத்தத்தில் பேராசிரியர் கேட்டார். “குமிழி என்று தெரிந்துவிட்டது. பிறகு எதற்கு மேஸ்திரி?”

“உங்க போன்ல செத்துப்போனவங்க நம்பர் எதாச்சும் இருக்கா சார்?”

பேராசிரியர் பையைத் தொட்டுக்கொண்டார். “என் தம்பியுடையது இருக்கிறது.”

“எடுக்க மாட்டாருன்னு தெரியும்ல.”

பஸ் வந்தது.

வியாழக்கிழமை மதியம் வேதவல்லி புது ஜன்னல் உட்காரும் கீழ்ச்சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் சில்லை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாக்பீஸ் குறி மறைத்தது. ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தார். லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“ஒரே ஒரு குமிழிதான் மேஸ்திரி,” என்று அறிவித்தார்.

நான்கு மணிக்கு அவரே மாட்டினார். மேல் கீழ் தடிமனில் தெரிந்தது. உள் வெளி தெரியவில்லை. ஒரு கணம் யோசித்து, ஏதோ ஒரு பக்கமாக வைத்து, ஓரத்தில் கண்ணாடி ஒட்டும் பட்டியை அப்பினார். வேதவல்லி வந்து சில்லைப் பார்த்தார். சீடரைப் பார்த்தார். காயாத பட்டியை ஒரு தடவை விரலால் அழுத்திவிட்டுக் கீழே கை கழுவப் போனார்.

ஐந்து மணி தாண்டிப் பியூலா மாடிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைத் தனியே விடுவது மரியாதை என்று பேராசிரியர் தெருவுக்கு இறங்கி, குழாயடியில் உளிகளைக் கழுவினார்.

ஐந்தே காலுக்கு மீன்கூடையோடு அமலோற்பவம் வந்தாள். தினமும் அந்தத் தெருவில் விற்பவள். பழக்கப்படி மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கப்போனவள் நின்றாள்.

“சார், அண்ணன் எப்ப வந்தாரு?”

“எந்த அண்ணன்?”

“கமாலியேல் அண்ணன். அதோ, அக்கா பக்கத்துல நிக்கிறாரே.”

கூடையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

“எளைச்சுப் போயிட்டாரு பாவம். வந்த அன்னிக்கே மீன் வேணுமான்னு கேட்டா நல்லாருக்காது. நாளைக்கு வரேன்னு சொல்லிடுங்க சார்.”

அவள் போன பிறகு பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் பியூலா இருந்தார். அவருக்குப் பின்னால், நெருக்கமாக, வெள்ளைச் சட்டை போட்ட உயரமான ஆள். ஒரு கை நாற்காலியின் முதுகில்.

பேராசிரியர் தலையை இடப்பக்கம் சாய்த்தார். ஆள் அசைந்தான். வலப்பக்கம் சாய்த்தார். மறுபடி அசைந்தான். குமிழிதான். நாற்காலியில் இருந்தவர் மட்டும் அசையவில்லை. அவர் எட்டு வருஷமாக அசையாதவர் ஆயிற்றே.

பேராசிரியர் குழாயடியிலேயே நின்றிருந்தபோது வாசல் கதவு திறந்தது. பியூலா ஒரு கையில் டீயும் மறு கையில் ஓர் உறையுமாக வந்தார். பின்னால் வேதவல்லி.

“ஆறிடப்போகுது, குடிங்க சார்,” என்றார் பியூலா. “கையெழுத்துப் போட்டுட்டேன். வக்கீல் ஆள் வந்தா கொடுக்கவேண்டியதுதான். நாளைக்கு வெள்ளை ஜன்னலை மாட்டிடுங்க.”

பஸ் நிறுத்தத்தில் பேராசிரியர் கருவிப் பையை இறக்கி வைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

“மேஸ்திரி, குறியை அழித்துவிட்டேன். சில்லை உள்வெளி மாற்றி மாட்டிவிட்டேன்.”

“பாத்தேன் சார்.”

“அதனால்தான் தெருமுனையில் தெரிந்தவர், தெருவிலிருந்து பார்த்தபோது அறைக்குள் தெரிந்தார். வேறொன்றும் இல்லை. மூலையில் அந்த வெள்ளைத் தாள் சுற்றிய ஜன்னல் நிற்கிறது. படிக்கட்டுக் கதவு வழியே மேற்கு வெயில் அதன்மேல் விழுகிறது. நெளிவு அதை நீட்டுகிறது. நான் தலையை அசைத்தே பார்த்துவிட்டேன்.”

வேதவல்லி தலையாட்டினார்.

பேராசிரியர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அன்றைய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

“நான் சொல்வது சரிதானே மேஸ்திரி?”

“எத்தனை பேர் தெரிஞ்சாங்கன்னு சொல்லுங்க சார்.”

“அவரும், நாற்காலியில் பியூலா அம்மாவும்.”

“அந்தம்மா உக்காந்த ரெண்டாவது நிமிஷமே கீழே வந்துட்டாங்க. இந்த நேரத்துல டீ குடிச்சு எட்டு வருஷம் ஆச்சுன்னாங்க. நான் பால் காய்ச்சினேன். அவங்க அடுப்பு மேடையில வெச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. அப்ப மணி அஞ்சே கால்.”

பஸ் வந்து நின்றது. வேதவல்லி கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“குமிழி ஒண்ணுதான்னு நீங்கதானே லென்ஸ் வெச்சுப் பாத்தீங்க சார்.”

பேராசிரியருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அன்றைய கேள்வி முடிந்துபோயிருந்தது.