வெள்ளிக்குளத்து விவாதம்

மலையடிவாரக் காட்டில் வெள்ளிக்குளம் என்றொரு குளம் இருந்தது. காற்றில்லாத காலை வேளையில் அதன் நீர் அசையவே அசையாது. நடுவிலிருந்த பாறையில் யார் ஏறி நின்றாலும், அவர்கள் உருவம் தண்ணீரில் பெரிதாகவும் நிஜத்தைவிட அழகாகவும் தெரியும்.

அந்தக் கோடையில் காட்டுக்குத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்குக் கருமலையான் என்ற கரடியும் நீலமேகம் என்ற மயிலும் போட்டியிட்டன.

"இரண்டு பேரும் பாறைமேல் நின்று விவாதம் செய்யட்டும்! கரையில் இருப்பவர்கள் தண்ணீரில் பார்க்கலாம். வர முடியாதவர்களுக்கு மைனாக்கள் மரத்துக்கு மரம் பேச்சைக் கொண்டுபோகும்!" என்று நாரை ஏற்பாடு செய்தது.

கருமலையான் உழைப்பாளி. புற்றைத் தோண்டு என்றால் தோண்டும். தேன் எடு என்றால் எடுக்கும். மேடைப் பேச்சு மட்டும் அதற்குப் பழக்கமில்லை.

விடிந்தது. காடெங்கும் மூடுபனி பஞ்சு பஞ்சாக மிதந்தது. கரையில் மான்களும் குரங்குகளும் முயல்களும் கூட்டமாக உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அன்பார்ந்த வனவாசிகளே!" என்று மயில் தோகையை விரித்தது. குளம் முழுக்க நீலக் கண்கள் விழித்தன. "ஆகா!" என்று குரங்குகள் கிறங்கிப்போயின.

"இனி கரடியார் பேசலாம்!" என்றது நாரை.

கருமலையான் கீழே பார்த்தது. தலைக்குப் பின்னால் வெண்மேகம் ஒளிர, கம்பீரமான ஒரு கரிய உருவம் தண்ணீருக்குள் நின்றது. 'அட, இது நானா!' சட்டென்று நாக்குக் கட்டவிழ்ந்தது.

"தோகையை விரித்தால் பசி ஆறிவிடுமா, தோழர்களே?"

கரை அதிரக் கூட்டம் சிரித்தது. மைனாக்கள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பறந்தன. சற்றுப் பொறுத்து மலை உச்சியிலிருந்தும் சிரிப்பொலி மெல்ல இறங்கி வந்தது. கருமலையானின் உடம்பெல்லாம் தேனில் ஊறியதுபோல் இனித்தது.

அப்போது செங்காடன் என்ற காட்டுப்பன்றி மூச்சிரைக்க நீந்திவந்து பாறையைப் பிடித்தது.

"அண்ணே! தெக்குக் கரை சரிஞ்சு கெடக்கு! தண்ணி வெளிய ஓடுது! உங்க கை பட்டாத்தான் அடைக்க முடியும், வாங்கண்ணே!"

கருமலையான் மயிலைப் பார்த்தது. மயிலுக்கும் அது கேட்டிருந்தது. ஆனால் அது நகரவில்லை. 'நான் இறங்கினால் பயந்து ஓடிவிட்டேன் என்பார்களே!' என்று கரடி தயங்கியது.

"இதோ வந்துடறேன் தம்பி. இந்த ஒரு கேள்வி மட்டும் முடியட்டும்."

நாரை கழுத்தை நீட்டிக் கேட்டது: "நம் குளத்தைக் காப்பாற்ற உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது?"

"கரையெங்கும் மரம் நடுவேன்!" என்றது மயில்.

"என் உயிர் உள்ளவரை ஒரு சொட்டு நீர்கூட வீணாகாது!" என்று கருமலையான் மார்பில் அறைந்துகொண்டது.

"தண்ணி போகுது! யாராவது வாங்களேன்!" என்று தெற்குக் கரைக்குத் திரும்பிய செங்காடன் அங்கிருந்து கத்தியது.

"உஷ்! பேச்சைக் கேட்க விடு!" என்று மொத்தக் கூட்டமும் அதட்டியது. செங்காடன் தன்னந்தனியாக மூக்கால் மண்ணை முட்டித் தள்ளியது. தள்ளிய மண்ணைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

கேள்விமேல் கேள்வி வந்தது. பனி கரைந்தது. வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கைதட்டலுக்காகக் கருமலையான் மறுபடி கீழே குனிந்தபோது, அந்தக் கம்பீர உருவத்தைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் வெறும் சேறு இருந்தது. சேற்றில் ஒரு விரால் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

கூட்டம் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் கண்ணைக் கசக்கியது. "ஐயோ, தண்ணீர் எங்கே?" என்று ஒரு மான் அலறியது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, ஆற்றைத் தேடி விலங்குகள் ஒவ்வொன்றாக மலையைத் தாண்டிப் புறப்பட்டன. ஒன்றுகூடப் பாறையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கருமலையான் பாறையிலிருந்து சேற்றில் இறங்கியது. மீனை இரு கைகளாலும் ஏந்திப்போய், எஞ்சியிருந்த சிறு குட்டையில் விட்டது. பிறகு நேரே தெற்குக் கரைக்குப் போய், செங்காடன் பக்கத்தில் மண்டியிட்டு, களிமண்ணை வாரி அப்பியது. கொஞ்ச நேரத்தில் மயிலும் வந்தது. சேற்றில் தோகை இழுபட, அலகால் சுள்ளிகளைக் கொண்டுவந்து உடைப்பில் செருகியது.

பொழுது சாயும்போது உடைப்பு அடைபட்டது. குட்டைத் தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

மைனா ஒன்று பறந்துவந்து கேட்டது: "மலைமேல் எல்லோரும் கேட்கிறார்கள். ஜெயித்தது யார்?"

கருமலையான் கையிலிருந்த சேற்றைப் பார்த்தது.

"நாங்க ரெண்டு பேருமே நல்லாத்தான் பேசினோம். குளம்தான் தோத்துப்போச்சுன்னு போய்ச் சொல்லு!"

காக்க வேண்டியதை மறந்து வாதத்தில் வெல்லத் துடிக்கும் தலைவர்களும், அந்தப் பேச்சில் மயங்கிக் கிடக்கும் மக்களும் கடைசியில் சேர்ந்தே இழக்கிறார்கள்.