மசாகிச்சிக்குக் காவல் இருந்தவர்கள்

பனைக்குறிச்சியில் பந்தல் போடும் நான்கு பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். தங்கப்பழம், சுடலையாண்டி, வெள்ளத்துரை, இசக்கிமுத்து. நால்வரும் தங்கமான மனிதர்கள். நால்வருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதை அன்றன்றைக்கு யார் கொண்டுவருவது என்று மட்டும் அவர்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, அதனால் பந்தல் வேலையும் இல்லை. பொழுது போகாமல் நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் ஜெபமணி அக்கா தமிழில் வந்திருந்த ஜப்பான் படக்கதை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மசாகிச்சி என்கிற வாள்வீரனின் கதை.

பந்தல் சாமான் போட்டுவைக்கும் தங்கள் கொட்டகைக்கு வந்து, நாம் எந்தப் புத்தகத்தையும் திறப்பதுபோலவே திறந்தார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: "நில்லுங்கள்! இந்தப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிக்கவும்."

உட்கார்ந்திருந்த நால்வரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு வரிசை கட்டினார்கள். வலது கோடியில் நின்ற தங்கப்பழம் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, தனக்கு இடப்பக்கம் நின்றவனிடம் புத்தகத்தைக் கொடுத்தான். இடது கோடி வரை போனதும் புத்தகம் மறுபடி தங்கப்பழத்திடம் வந்தது. அடுத்த பக்கம்.

முதல் படத்திலேயே மசாகிச்சி மார்பில் வாளோடு செத்துக் கிடந்தான். தங்கப்பழம் அழுதான். புத்தகத்தை வாங்கிய சுடலையாண்டி அழுதான். அழுகையும் வலமிருந்து இடமாகவே போயிற்று.

அடுத்த பக்கத்தில் வாள் வெளியே வந்துவிட்டது. மசாகிச்சி எழுந்து நின்றான்.

"ஏலே, பொழச்சிட்டாம்லே!"

நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் நல்லதாகவே நடந்தது. எரிந்த வீடு முழுசாயிற்று. செத்த பெண்டாட்டி திரும்பி வந்தாள். நரைத்த தலை கறுத்தது. இப்படி ஒரு மங்களமான கதையை அவர்கள் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

இன்னும் நாலைந்து பக்கம் இருக்கும்போதுதான் இசக்கிமுத்து கவனித்தான்.

"என்னலே இவன், சின்னப் பயலாயிட்டே வாரான்?"

அடுத்த பக்கத்தில் மசாகிச்சி தொட்டிலில் கிடந்தான். அதற்கடுத்ததில் தொட்டிலும் இல்லை; அவனுடைய அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்சம் ஒரே ஒரு தாள். அதையும் திருப்பினால் மசாகிச்சி என்று ஒருவன் உலகத்திலேயே இருக்கமாட்டான்.

நூலகத்துக்கு ஓடினார்கள். ஜெபமணி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தலைகீழாப் படிச்சிருக்கீங்க. ஜப்பான் புத்தகம்னா அந்தப் பக்கத்து அட்டையில இருந்து ஆரம்பிக்கணும். அங்க பொறந்து, இங்க வந்து சாவான்."

"அப்போ எந்தப் பக்கம் போனாலும் ஆளு இல்லையாக்கா?"

"கதை அப்படித்தான் இருக்கு."

கதையை எந்தப் பக்கத்தில் நிறுத்தினால் அவன் பிழைப்பான் என்று கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது.

"கல்யாணத்தன்னைக்கு நிப்பாட்டிருவோம்," என்றான் தங்கப்பழம்.

"மாமனாரு வாளோட நிக்காரு. வேண்டாம்."

"தூங்குத பக்கம்?"

"தூங்கும்போதுதாம்லே வந்து வெட்டுவானுவ."

நடுவில் ஒரு பக்கத்தைச் சுடலையாண்டி காட்டினான். மசாகிச்சி சம்மணம் போட்டு ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சோத்துல கைவச்சவன எந்தப் பாவியும் வெட்டமாட்டான்."

"கை எங்கலே வச்சான்? குச்சிதான வச்சிருக்கான்?"

"அந்தக் குச்சியக் கையிலதான வச்சிருக்கான்?"

நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. அந்தப் பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்தார்கள். காற்றில் தாள் புரண்டுவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். பந்தல் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். மேலே சின்னதாக ஒரு பந்தலும் போட்டு, வாசலில் வாழைமரம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். முறை வைத்துக் காவல் இருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. மசாகிச்சி சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அவர்கள்மேல் சிரிப்போடு கொஞ்சம் பொறாமையும் உண்டு. நான் சாப்பிடும்போது காவல் காக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று வாரம் கழித்து ஜெபமணி அக்கா நேரிலேயே வந்துவிட்டார்.

"பதினேழு பிள்ளைங்க பேரு குடுத்துட்டுக் காத்திருக்காங்க. புத்தகத்த மூடிக் குடுங்க."

"மூடுனா கதை நகந்துரும்க்கா! அவன் உயிரு எங்க கையிலல்லா இருக்கு!" வெள்ளத்துரை மேசைக்கு முன்னால் குறுக்கே படுத்துவிட்டான்.

அக்கா பையிலிருந்து, புதிதாக வந்திருந்த இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் மசாகிச்சி குதிரைமேல் பாய்ந்துகொண்டிருந்தான்.

"பாருங்க, அவன் சாகவே இல்ல. வைத்தியர் காப்பாத்திட்டாரு. நல்லா இருக்கான். போதுமா?"

நால்வரும் அட்டையைப் பார்த்தார்கள். விரித்து வைத்த பக்கத்தைப் பார்த்தார்கள். மறுபடி அட்டையைப் பார்த்தார்கள்.

"அங்க குதிரையில போறான்."

"இங்க சாப்பிடுதான்."

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படிலே இருப்பான்?"

அட்டையில் இருந்தவன் மசாகிச்சிதான். பக்கத்திலேயே பெயர் அச்சடித்திருந்தது. சாப்பிடுகிறவன் பக்கத்தில் எந்தப் பெயரும் இல்லை.

"அப்போ மூணு வாரமா நம்ம பந்தல்ல உக்காந்து திங்கிறவன் யாருலே?"

வெள்ளத்துரைக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "இந்தக் களவாணிப் பயலுக்காகவா நான் காத்தாடிகூடப் போடாம வெந்தேன்?"

சாப்பிடுகிறவனை இழுத்து வெளியே போடுவதற்காக இசக்கிமுத்து கயிற்றை அவிழ்த்தான். தங்கப்பழம் தடுத்தான். எவனாக இருந்தாலும் சரி, சாப்பாட்டில் இருக்கிறவனைப் பாதியில் எழுப்புவது மரியாதை இல்லை.

கிண்ணம் கவிழ்ந்துவிடாமல் புத்தகத்தை மெல்ல மூடி, அக்காவின் கையில் கொடுத்தார்கள்.

"உள்ள எவனோ ஒருத்தன் இருக்கான்க்கா. சாப்பிட்டு முடிச்சதும் கெளம்பச் சொல்லிருங்க."